மூக்கு நுனியில் மஞ்சள் தூள்

ஊஞ்சலில் சாம்பமூர்த்தி குருக்கள். சாய்ந்தபடி... பேச்சு மூச்சில்லை.

அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் டாக்டர் அருணாதேவி. சமையலறை வாசற்படியில் குருக்களின் மனைவி பாகம்பிரியாள். பிளாஸ்டிக் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் குமரேசன். உட்கார இடமில்லாமல் கதவோரம் ஏட்டு காசி.

தரையில், ஆறிப்போன காபி டம்ளருக்கு எதிரே மருமகள் ஹைமவதி.

காபி போட்டவள் அவள்தான்!

கல்யாணமாகி மூன்றே மாதம். மாமனார் முகம் பூசணிக்காயாக வீங்கிச் சரிந்ததும் மாமியார் போட்ட கூச்சலில், 'விஷம்' என்ற சொல் தெருமுனை வரை ஓடி ஜீப்பையே அழைத்து வந்துவிட்டது.

ஊசி போட்டு முடித்த டாக்டர் நிமிர்ந்தார்.

"பொழைச்சுக்குவாரு. விஷமில்ல சார். மூக்கு நுனியைப் பாருங்க... மகரந்தத் தூள். சில பேர் உடம்புக்கு அது ஆகாது. உள்ள போனதும் ரத்தக்குழாய் விரிஞ்சு, நீர் கசிஞ்சு, மூஞ்சி வீங்கிடும். பிரஷரும் கிடுகிடுன்னு இறங்கிடும்."

"எந்தப் பூ?" குமரேசன் பேனாவைத் திறந்தார். "பேரில்லாம ரிப்போர்ட் போகாதுங்க. பூ இல்லேன்னா காபிதான். இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்."

ஹைமவதி மூலையிலிருந்த பீரோவைப் பார்த்தாள். காலையில் மாமனார் பீரோவுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாளே!

பட்டுப்புடவைகளுக்கு நடுவே... தாழம்பூ.

இதே அண்ணாமலையில் சிவனிடமே பொய்ச்சாட்சி சொல்லி, பூஜையிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட பூ. அது அண்ணாமலையார் கோயில் குருக்கள் வீட்டு பீரோவில்! தெரிந்தால் மாமனார் எந்த முகத்தோடு சன்னதிக்குள் போவார்?

மாமியார் அவள் காதருகே குனிந்தாள்.

"சொல்லிடாதடி. நீ ஜெயிலுக்குப் போனா ஜாமீன்ல எடுத்துடலாம். அவரைக் கோயிலை விட்டு அனுப்பிட்டா எந்த ஜாமீன்ல எடுக்கறது?"

"அப்ப நீங்களே போங்கோளேம்மா."

"நேக்கு மூட்டு வலி. அங்க கட்டில் கிடையாதாம்."

ஹைமவதி நிமிர்ந்தாள்.

"வேப்பம்பூ சார். இன்னிக்குக் காலையில கொல்லை மரத்துல பறிச்சது."

டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

குமரேசன் மூக்கை உறிஞ்சினார். பீரோ பக்கம் மெதுவாகத் திரும்பினார். தாழம்புதர் மண்டிய கீழ்பென்னாத்தூர்க்காரர்... அந்தப் பூவின் வாசனை தெரியாதவரில்லை!

பிறகு அழகான கையெழுத்தில் 'வேப்பம்பூ' என்று எழுதினார். மடித்தார். உறையிலிட்டு ஒட்டினார். முத்திரை குத்தி ஏட்டிடம் நீட்டினார்.

காசி தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இது ஐப்பசிங்க. வேம்பு சித்திரையிலதானே பூக்கும்?"

"எடுத்துட்டுக் கிளம்புய்யா. மேலிடத்துல இதைப் பிரிச்சுப் படிக்கறதுக்குள்ள பூத்துடும்."