மூடிய கிணற்றுக்கு மேலே

புதுக் குளியலறையின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. காலையிலிருந்து யாரும் குளிக்கவில்லை, கீசர் சுவிட்சைத் தொடக்கூட இல்லை, மணி பகல் பதினொன்று. தேவராஜ் துண்டால் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கீழ் ஓரத்திலிருந்து வெண்மை மறுபடி ஏறி, கண்ணாடியில் அவர் முகத்தை மூக்குவரை மறைத்துவிட்டது. விரலை வைத்துப் பார்த்தார். சூடே இல்லை. ஜில்லென்று இருந்தது.

“இன்னாய்யா, அத்தயே தொடச்சுகினு கீறே?” கூடத்துக் கட்டிலிலிருந்து மனைவி பேபி கேட்டாள்.

“புதுசு இல்லியா? ஈரம் இன்னும் காயல.”

அந்தப் பதில் அவருக்கே பிடிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்பி, அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே தெருவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்ட மனுஷர்.

சேக்காட்டில் இந்தப் பழைய வீட்டை வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முன்பு இருந்தவர்கள் வயல்கிணற்றைத் தூர்த்து, அதன் மேலேயே குளியலறையைக் கட்டியிருந்தார்கள். மூலையில் ஒரு இரும்புப் பைப் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நாலு மாதத்துக்கு முன் பாசியில் வழுக்கிய பேபி அதன் மேல்தான் விழுந்தாள். இடுப்பு எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து, இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். இன்னொரு முறை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வார்த்தை தேவராஜின் தூக்கத்தைத் தின்றது. அவள் பயமில்லாமல் போய்வர ஒரு அறை வேண்டும், அவ்வளவுதான் அவர் வைராக்கியம். வழுக்காத டைல்ஸ், உயரமான வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளச் சுவரில் ஸ்டீல் கம்பி. டைல்ஸின் இளம்பச்சை மட்டும் பேபி விரும்பிக் கேட்டது.

பைப்பை அறுக்கச் சொன்னபோது கொத்தனார் துலுக்கானம் கட்டிங் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

“வோணாம் அண்ணாத்தே. கெணறு மூடுறவங்க காத்துப் போவ வுட்டு வெச்ச பைப்பு இது. செவுத்தோரமா வளச்சு மேல ஏத்திக்கலாம். அடைக்க மட்டும் அடைக்காத.”

“என் பொண்டாட்டி இடுப்ப ஒடச்ச பைப்பு அது. எனுக்கு அது கண்ணுலயே படக் கூடாது.”

மெஷினை வாங்கித் தேவராஜே அறுத்தார். தரைமட்டத்துக்கு அறுத்து, ஓட்டைக்குள் கலவையைக் குத்திக் குத்தி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்ட வைத்தார். பழி தீர்த்த நிம்மதியில் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

வேலை முழுக்க முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. இரண்டாம் நாளே பேபி உள்ளே போனால் மூச்சு இரைக்கிறது என்றாள். நேற்று, யாரோ தன்னோடு சேர்ந்து மூச்சு விடுகிறார்கள் என்றாள். சிமென்ட் வாடை என்று அவர் அதட்டி அனுப்பினார்.

இன்று அவரே கதவருகில் நின்று கவனித்தார். தாழ் போடாத கதவு ஒரு விரல்கடை உள்ளே போனது, நின்றது, திரும்பி வந்தது. மறுபடி உள்ளே. எக்ஸாஸ்ட் ஃபேனின் வேலை என்று அதன் சுவிட்சைப் பார்த்தார். அணைந்திருந்தது. ஆனால் ஃபேனின் இறக்கைகள் ஒரு பக்கமாக மெல்லச் சுற்றி, நின்று, எதிர்ப்பக்கம் சுற்றின. பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். புகை நேரே ஏறாமல் மடங்கி, தரையோடு தவழ்ந்து, பைப் இருந்த மூலைக்குப் போய்க் குவிந்தது. சிறிது நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தது. வரும்போது ஊதுபத்தி மணம் இல்லை. வருஷக்கணக்காக வெயில் படாத சேற்றின் நாற்றம்.

போனில் துலுக்கானத்தைப் பிடித்து, பார்த்ததைச் சொன்னார்.

“நசரத்பேட்டைல வேலைல கீறேன். அஞ்சு மணிக்கு வந்துர்றேன்,” என்றார் கொத்தனார். “அதுக்குள்ள நீயே ஒடச்சு வுட்டாலும் செரி. ஒடைக்கிற வரைக்கும் அக்காவ உள்ள வுடாத. கெணத்துக்கு மூச்சு வுட ஒரு வழி வோணும். பைப்பா, ஆளான்னு பாக்காது.”

சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு போய் மூலையில் குந்தினார். பேபி ஆசையாகக் கேட்ட பச்சை. ஒரு கீறல்கூட விழாத புதுத் தரை. கை எழவில்லை. அஞ்சு மணிக்குத்தான் ஆள் வருகிறாரே, அவரே பதமாக எடுக்கட்டும் என்று எழுந்துவிட்டார்.

“அஞ்சு மணி வரைக்கும் உள்ள போவாத, பேபி.”

“அவசரம்னா?”

“பக்கத்து ஊட்டுக்குக் கூட்டிகினு போறேன்.”

“நீ சண்ட போடாத ஊடு எதுன்னு சொல்லு, போறேன்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாலரைக்கு, கொத்தனாரின் வண்டி வருகிறதா என்று பார்க்கத் தெருமுனைவரை நடந்தார். பத்து நிமிஷம் நின்றிருப்பார். அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது கட்டில் காலி.

வாக்கர் குளியலறைக்கு வெளியே நின்றது. கதவு சாத்தியிருந்தது. நேற்றுவரை வாக்கர் இல்லாமல் இரண்டு அடி வைக்க முடியாதவள்.

“பேபி.”

உள்ளிருந்து மூச்சு கேட்டது. நீளமான மூச்சு. ஒரு மனுஷியின் நெஞ்சு கொள்ளாத நீளம். இழுத்துக்கொண்டே போனது. கதவு நிலையோடு இறுகி முனகியது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். மூச்சு நின்றது. வெளியே திரும்பியது. கதவு தானாகத் தளர்ந்து திறந்தது.

சேற்று நாற்றம். அரையிருட்டு. ஃபேன் சுற்றவில்லை.

பேபி மூலையில் நின்றாள். எதையும் பிடிக்காமல். நாலு மாதமாக வளைந்திருந்த இடுப்பு ஆணி அடித்ததுபோல் நிமிர்ந்திருந்தது. தலை பின்னால் சாய்ந்து, வாய் அகலமாக, தாடை இறங்கக்கூடிய அளவுக்கும் மேலே திறந்திருந்தது.

அவளைக் கட்டிப் பிடித்து இழுத்தார். வரவில்லை. உடம்பு ஜில்லென்று இருந்தது. கண்கள் மட்டும் உயிரோடு அவர் பக்கம் திரும்பின. அவற்றிலிருந்து நீர் காதுகளை நோக்கி வழிந்தது.

கீழே பார்த்தார்.

பாதங்கள் இல்லை. கணுக்காலோடு தரைக்குள் போயிருந்தன. ஒரு டைல்கூட உடையவில்லை. கணுக்காலைச் சுற்றி வெள்ளைச் சிமென்ட் ஒழுங்காக, வழித்துத் துடைத்துப் பூசப்பட்டிருந்தது.

கம்பியில் தொங்கிய துண்டு எழுந்து அவள் வாயை நோக்கி நீண்டது. அவர் தலைமுடியும் அந்தப் பக்கமே இழுபட்டது. துண்டு தொய்ந்தது. மறுபடி எழுந்தது.

தேவராஜ் அவள் மார்பில் காதை வைத்தார். மார்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் வழியாகக் காற்று கீழே போய்க்கொண்டிருந்தது. ரொம்ப ஆழத்தில், தண்ணீர் சலசலத்தது.