கொப்பின் மதியத் தூக்கம்

பசையில்தான் முதலில் நாற்றம் வந்தது. மூளை அலையைப் பதிய, தலையில் மின்கம்பிக் கிண்ணங்களை ஒட்டுகிற அந்த வெள்ளைப் பசைக்கு வாசனையே கிடையாது. இன்று ஜாடியின் அடியில் மாதக்கணக்காக ஊறிய மீனைப்போல, இனிப்பும் அழுகலுமாக வீசியது. நொங்லக் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த மகளின் உச்சியில் கடைசிக் கிண்ணத்தை அழுத்தினாள். கோன் கேன் நகரில் மழை பிடித்திருந்த மதியம். ஆரோக்கியமான பிள்ளைகள் தூங்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்ற ஆய்வுக்கு ஒரு குழந்தை போதாமல் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் அவளே நான்கு வயது மகள் கொப்பைக் கூட்டி வந்திருந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் வந்து உட்கார்ந்தபோது, திரையில் அலைகள் ஓடின. நல்ல உறக்கம் என்பது அசையாத உறக்கம் அல்ல. அலை பெருகும், தணியும், நடுவே விழிப்பின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். கொப்பின் அலைகள் எதையும் தொடவில்லை. ஒன்றைப்போல் ஒன்று, உயரமாக, மெதுவாக.

"என் பொண்ணு எவ்ளோ அழகா தூங்குது பாரேன்."

உடன் வேலை செய்யும் ஜாரியா, சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். "அக்கா! புள்ளைய அப்படிச் சொல்லுவாங்களா? பேயிங்க காதுல விழுந்தா ஆசப்பட்டுத் தூக்கிட்டுப் போயிரும். அசிங்கம்னு சொல்லுங்க, சீக்கிரம்."

"இத்தன மெஷினுக்கு நடுவுல எந்தப் பேய்டி வந்து உக்காரும்? பயமா இருந்தா நீ சொல்லு."

"பெத்தவ சொன்னாத்தான் ஆகும்."

நொங்லக் சிரித்தாள். சொல்லவில்லை.

இடி இறங்கியது. ஜன்னல் சட்டம் அதிர்ந்தது. எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சத்தத்தில் கோடு சிலிர்க்கும். கொப்பின் கோட்டில் மயிரிழை அசைவில்லை.

நொங்லக் உள்ளே ஓடினாள். நாற்றம் அறை முழுக்கப் பரவி, புளித்த பால்போல நாக்கில் படிந்தது.

"கொப், எழுந்திரு கண்ணு."

உலுக்கினாள். தலை தளர்ந்து ஆடியது. மூச்சு சீராக வந்தது. கன்னத்தில் தட்டினாள். கிள்ளினாள்.

"அசிங்கம்," என்றாள். "அசிங்கம் புடிச்ச புள்ள. யாருக்கும் வேணாம் இது. தவள மூஞ்சி."

கண்ணாடிக்கு அப்பால் ஜாரியா திரையைப் பார்த்தாள். மாற்றமில்லையென்று தலையாட்டினாள்.

நொங்லக் உச்சியிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினாள். வரவில்லை. அடியிலிருந்து ஏதோ உறிஞ்சிப் பிடித்திருந்தது. இன்னும் இழுத்தாள். சப்பென்று விடுபட்டது, வெதுவெதுப்பான சளி நூலாக நீண்டது. கிண்ணத்தில் பசை இல்லை. நக்கித் துடைத்ததுபோல் இருந்தது.

மயிரை விலக்கினாள்.

உதடுகள். சின்னவை. சிவந்தவை. பால்குடியின் உதடுகள். காற்றைச் சப்பிக்கொண்டிருந்தன.

அடுத்த கிண்ணம். அங்கும். அடுத்தது. அங்கும். எல்லாம் ஒரே தாளத்தில். திரையில் ஓடிய தாளத்தில்.

"அக்கா, வெளிய வந்துருங்க!"

மகளை விட்டு எப்படி வருவாள். உச்சியை உள்ளங்கையால் மூடினாள். விரல் நுனியை ஒன்று கவ்வியது. வழுவழுப்பாக, இதமாக. சப்பியது.

பிறகு விரலில் பல் பட்டது.

கொப்பின் தொண்டை, தூக்கம் கலையாமல், ஒரு மடக்கு விழுங்கியது.