தரையில் படுத்த கைப்பிடி

இருபத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். பைப் வளைக்கும் கைலாசம் பட்டறைக்கு இன்னும் தரவேண்டிய பாக்கி. அந்தச் சீட்டைத் துளசியின் மேசைமேல் வைத்துவிட்டு அவன் மனைவி சம்பூர்ணம் நின்றாள். துளசி ஒரு காலத்தில் தொழிற்சாலையில் அளவு சரிபார்த்தவள். இப்போது வேலைத் தகராறுகளை விசாரித்துக் கொடுப்பவள்.

"பட்டுக்கடை மாடிப்படிக்குக் கைப்பிடி வளைச்சாரும்மா. அரைவட்டமா சுத்தி ஏறுற படி. பொருந்தலன்னு பைப்பு விலைய இவர் தலையில கட்டிட்டாங்க. எங்க சொந்த வளைக்கிற மிஷினையே பழைய இரும்புக்குப் போட்டுக் கொஞ்சம் அடைச்சோம். இப்ப, வளைவு பாக்குற கண்ணு போச்சுன்னு செவுத்தப் பாத்துப் படுத்துக்கினே இருக்கறாரு."

துளசியின் கூட்டாளி அருளின் ஆட்டோவில் கைலாசத்தையும் சம்பூர்ணத்தையும் ஏற்றிக்கொண்டு ஏனாத்தூர் பட்டறைக்குப் போனார்கள். மூன்று மாத மழையில் நனைந்து கைப்பிடி முற்றத்தில் கிடந்தது. அருள் அதைத் தூக்கினான். அடியில் சிமெண்டுத் தரையில் ஒரு துருக்கோடு, முனையிலிருந்து முனைவரை எங்கும் அறாமல்.

"லாரி ஏறித் தரையோட படிஞ்சிருக்கும்க்கா!"

"ஏறினா நசுங்கும்பா. நசுங்கல் எங்க, காட்டு?"

அருள் தேடினான். இல்லை.

முதலாளி வெங்கடேசன் வந்தார். கம்ப்யூட்டரில் படம் போடுவதும் அவரே. "கீழ, நடுவுல, மேல மூணு இடத்துலயும் படத்தப் படியோட ஒத்துப் பாத்துட்டேன்மா. இடைப்பட்ட எடத்துல இந்தாளு சொதப்பிட்டான். கீழ்ப்பாதி தாழ்ந்துபோச்சு, மேல்பாதி தூக்கிக்கிச்சு."

துளசி படத்தைப் பார்த்தாள். மேலிருந்து பார்க்க அரைவட்டம். பக்கத்திலிருந்து பார்க்க நேரான சாய்கோடு. இரண்டையும் சேர்த்து ஒரே வளைகோடாக்கி, அதன்மேல் பைப்பை ஓடவிட்டிருந்தார்.

அவள் ஒரு பிளாஸ்டிக் பைப்பை ரம்பத்தால் சாய்த்து அறுத்து, அறுத்த முகத்தை மேசையில் கவிழ்த்தாள். ஆடாமல் உட்கார்ந்தது. இன்னொரு துண்டில் நூலைச் சாய்வாகச் சுற்றினாள்.

"இத பக்கத்துலேர்ந்து பாருங்க. நூலு நேராவா தெரியுது?"

"வளைஞ்சுல்ல தெரியுது," என்றார் வெங்கடேசன் மெல்ல.

"சுத்தி ஏறுறது அப்படித்தான். அத தரையில வெச்சா ஆடும், படுக்காது. நீங்க நேர்கோடு போட்டீங்க. அது அறுத்த முகம் மாதிரி, சமமாப் படுக்கும். முற்றத்துத் துருக்கோட்டப் பாருங்க, எங்கயாவது அறுந்திருக்குதா? உங்க கோட்ட இம்மி பிசகாம வளைச்சிருக்கறாரு. தொடக்கம், நடு, முடிவு மட்டும் ரெண்டு கோட்டுலயும் ஒண்ணாத்தான் வரும். அந்த மூணுலயே பாத்தா எப்படித் தெரியும்?"

வெங்கடேசன் பாக்கிச் சீட்டைத் துளசியிடம் வாங்கிக் குறுக்கே கோடிழுத்தார். "மிஷினைத் திருப்பி எடுத்துக் குடுத்துடறேன்பா."

"அத அன்னிக்கே துண்டுதுண்டா அறுத்துட்டாங்க சார்," என்றாள் சம்பூர்ணம்.

கைலாசம் முற்றத்தில் குந்தி, பைப்பின் ஓரிடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். "இங்க ஏறணும்னு கை சொல்லிச்சு. படிச்சவரு போட்ட கோடாச்சேன்னு கீழயே அமுக்கினேன்."

'பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டை வெங்கடேசன் நீட்டினார். கைலாசம் பைப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. சம்பூர்ணம்தான் வாங்கி மடித்துக்கொண்டாள்.