நாற்பத்தொன்றாம் நிபந்தனை

தூத்துக்குடி அடுக்குச் சந்தையின் ஏழாம் தளத்தில், காலியாகப்போகும் கடைக்குள் தையல்காரி ரெக்சலின் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கடை எடுக்கிற எல்லோரும் செய்வதுதான். வாடகைப் பத்திரத்தை அந்த அறையே வாசிக்கும். கேட்டு முடித்ததும் சுவரில் பெருவிரல் வைக்க வேண்டும். நடுவில் வாசலைத் தாண்டினால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

“வேகம் பதினாறு மடங்கா? எல்லோரும் அதையே கேட்கிறார்கள்” என்றது அறைக்குரல்.

“வேண்டாம். சாதாரணமா வாசி.”

வாசலில் காத்திருந்த மருந்துக்கடைக்காரர் உச்சுக்கொட்டினார். “என்ன தையக்காரம்மா, பூசையில பைபிளா வாசிக்காவ? வெரல வச்சிட்டு வாங்க.”

“பைபிளையே தூங்காமக் கேக்குறவ நான், அண்ணாச்சி.”

சிரித்தாளே தவிர, அவளுக்கும் பதற்றம்தான். தையல் வேலை நடக்கும் வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவளை நம்பித் தைக்கும் பெண்கள் நான்கு பேர். சந்தையில் வேறு இடம் கிடையாது.

மூலையில் பழைய குடியிருப்பாளர் நயினார் கடைசிச் சவரம் செய்துகொண்டிருந்தார். பதினொரு வருடமாக முடிவெட்டிய கடை. இன்று பதினொரு மணியோடு அவருடைய வாடகைக் கெடு முடிகிறது.

“தலைய ஆட்டாதிய வாத்தியாரே. காத அறுத்துருவேன்.”

“அறுத்தா என்ன, ஒம் பேச்சு கேக்காம நிம்மதியா இருப்பேன்” என்றார் லூர்து வாத்தியார்.

அறை வாசித்தது: “நாற்பத்தொன்று. இவ்விடத்தில் உண்டான அறிமுகங்கள் யாவும் இவ்விடத்தின் சொத்து. கெடு முடியும் கணத்தில் அவை குடியிருப்பாளரை விட்டு நீங்கும்.”

“நிறுத்து. நீங்கும்னா?”

“அவருடைய கண்வில்லையில் அந்த முகங்கள் மறையும். செவிமணியில் அந்தக் குரல்கள் அடங்கும்.”

வில்லையும் செவிமணியும் அணியாதவருக்கு ஊரில் ஒரு கதவும் திறக்காது. ரெக்சலின் நிமிர்ந்தாள். மணி பதினொன்று.

நயினாரின் கத்தி அந்தரத்தில் நின்றது. “வாத்தியாரே? எங்க போயிட்டிய?”

“இங்கதானய்யா இருக்கேன்!”

நயினாருக்கு அது கேட்கவில்லை. நாற்காலியில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் மட்டும். பயந்துபோய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பாதி முகம் நுரையோடு வாத்தியார் பின்னால் நொண்டிக்கொண்டு போனார், கூப்பிட்டபடியே.

“அந்த நிபந்தனைய எடுக்க முடியுமா?” ரெக்சலின் கேட்டாள்.

“திருத்தம் கேட்பவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை.”

“வெளியில வச்சு வேற ஆளு புதுசா அறிமுகம் செஞ்சு வச்சா?”

“அந்த அறிமுகத்தில் இவ்விடத்துக்கு உரிமையில்லை.”

நயினார் படிக்கட்டை நெருங்கிவிட்டார். வாத்தியார் எவ்வளவு கத்தினாலும் அவருக்கு எட்டாது. இந்தக் கடையில் அவரோடு பழகாத மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். ரெக்சலினுக்கு அந்த நான்கு பெண்களின் முகமும் வந்து போனது. ஆண்டவரே, நீர்தான் பாத்துக்கணும் என்று முணுமுணுத்து வாசலைத் தாண்டினாள். மருந்துக்கடைக்காரர் சட்டென்று உள்ளே நுழைந்தார்.

“நயினார் அண்ணாச்சி, நில்லுங்க! இவிய பேரு லூர்து. வாத்தியாரு. ஒங்களுக்கு இப்பத்தான் அறிமுகம் செஞ்சு வைக்கேன்.”

மங்கல் கலைந்தது. நயினார் கண்ணைக் கசக்கினார்.

“ஐயோ, என்ன இது! பாதிச் சவரத்துலயா எந்திரிச்சு வந்திய?”

“நீதான விட்டுட்டு ஓடுன!”

நயினார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. பிறகு படிக்கட்டைப் பார்த்தார். சனிக்கிழமைக் கூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அதில் ஏகப்பட்ட சாம்பல் மங்கல்கள்.

“இத்தன பேருமா, தாயி?” என்றார்.

பின்னால் கடைக்கதவு சாத்திக்கொண்டது. ரெக்சலின் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெண்களிடம் கடை கைவிட்டுப் போனதைச் சொல்ல வேண்டும். ஆனால் நயினாருக்கு மறைந்த முகங்கள் அவளுக்குத் தெரிந்தன. ஒரு படி இறங்கி, மகனைக் கையில் பிடித்து வந்த ஒருத்தியை மறித்து, நயினாரைக் காட்டினாள்.

“ஒரு நிமிசம்க்கா. இவியள ஒங்களுக்குத் தெரியுமா?”