குழாய்க்கு ஒரு சாண் மேலே

சுவிட்ச் ஈரமாக இருந்தது.

காய்கறி வாங்கிக்கொண்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த ராஜம்மா அதை முந்தானையால் துடைத்தாள். கணவன் பரந்தாமன் விடிவதற்குள் ஆவடி ராணுவப் பட்டறைக்குப் போய்விட்டான். பூட்டிய வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. பூந்தமல்லியில் மின்சார விளக்குள்ள வீடு கிடைத்ததே பெரிய காரியமென்று எட்டு நாள் முன்புதான் குடிவந்திருந்தார்கள். அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவ ஒரு சிமெண்டுத் தொட்டி, அதன்மேல் இரும்புக் குழாய், குழாய்க்கு ஒரு சாண் மேலே அந்தக் கறுப்புச் சுவிட்ச். குழாயைத் தொடும்போதெல்லாம் அவள் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். தொட்டியின் பாசி வாடையோடு ஏதோ கருகிய வாடையும் சேர்ந்து வரும். பரந்தாமனோ தினமும் சாயங்காலம் எண்ணெய்க் கறையைக் கழுவிவிட்டு, சொட்டச் சொட்ட அந்தக் கையாலேயே விளக்கைப் போடுவான். வேண்டாமென்று கெஞ்சினால் சிரிப்பான். நேற்று அவன் கை சுவிட்சிலேயே ஒட்டி நின்றதையும், கண்கள் அசையாமல் சுவரையே பார்த்ததையும் அவள் கண்டாள். கேட்டபோது அவனுக்கு எதுவுமே நினைவில்லை.

இனிப் பொறுக்க முடியாதென்று, மின்சார வேலை செய்யும் கலீலுல்லாவைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தாள். அவர் அடுப்பங்கரை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத்த யாரும்மா மறுபடி இங்க வெச்சது?"

தெரியாதென்றாள்.

"தொட்டியாண்ட நிக்கிறவங்க கைக்கு சுச்சு எட்டவே கூடாது. முன்ன இந்த ஊட்ல இருந்த அன்னம்மாள் ஒரு கை கொழாய்ல, ஒரு கை சுச்சுல, அப்படியே செத்துப்போய் நின்னுகினு இருந்தாங்க. அன்னிக்கே நான்தான் கழட்டி கதவாண்ட மாத்தி வெச்சேன்."

கதவோரம் சுவரில் பழைய ஆணித் துளைகள் மட்டுமே இருந்தன.

கலீலுல்லா சுவிட்சைக் கழற்றி, ஆறடி தள்ளிக் கதவோரம் பொருத்தினார். தொட்டிக்கு மேலே ஒயரை வேரோடு உருவி எடுத்துவிட்டுப் பள்ளத்தைச் சிமெண்டால் அடைத்தார். போகும்போது, சிமெண்டு காயும்வரை ஊட்டுக்காரரைத் தொட்டிப் பக்கம் விடவேண்டாமென்றார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ராஜம்மா தெருவாசலிலேயே காத்து நின்றாள். கூரையில் கொட்டும் மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நனையாமலிருக்க அவன் கொல்லைப்புறமாக வந்திருக்கக்கூடும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை, உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்கும்வரை.

ஓடினாள். "கொழாயத் தொடாதீங்க."

டக்.

சத்தம் தொட்டிப் பக்கமிருந்து வந்தது. விளக்கு எரிந்தது.

கதவோரச் சுவிட்சைத் தட்டினாள். அணையவில்லை. மறுபடி தட்டினாள். அணையவில்லை. கூடத்துக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். கூடம் இருண்டது.

அடுப்பங்கரை இருளவில்லை.

திரும்பி வந்தாள். பரந்தாமன் அப்படியே நின்றான். வலக்கை குழாயில். இடக்கை ஈரச் சிமெண்டுக்குள், மணிக்கட்டுவரை. அவன் கத்தவில்லை. பற்கள் கிட்டித்திருந்தன. கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின.

தொடக் கூடாது. அவளுக்குத் தெரியும்.

தொட்டாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு, சாமி பெயரெல்லாம் சொல்லி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பின்னால் இழுத்தாள்.

சுவருக்குள்ளிருந்தும் இழுத்தார்கள்.

முழங்கை போயிற்று. தோள் போயிற்று. அவன் கன்னம் மெதுவாக ஈரச் சிமெண்டில் பதிந்தது.

"விட்ராத, ராஜம்மா," என்றான்.

அடுத்து அவன் வாய் உள்ளே போனது.