முதுகில் ஒரு கை

என்னை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தாறு. பிழைக்க வந்த ஊரில், ஒரு தச்சுப் பட்டறைக்கு மேலே இருக்கும் மாடி அறையிலிருந்து இதைச் சொல்கிறேன். எழுத உட்கார்ந்தால் கோர்வையாக வரவில்லை. அதனால் போனில் பேசியே பதிகிறேன். நடந்ததை ஒன்று விடாமல் சொல், நம் ஆட்கள் இருக்கிற இடத்துக்கெல்லாம் அனுப்பி வைக்கிறேன் என்று பெரியம்மா மகன் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே தெரிந்த விஷயங்களும் இதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஒரு பெரிய சலவைக் கூடத்தில். கூடம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. விடியும்போதே உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நடந்து ஏறினால், சூடான இஸ்திரி உருளையின் முன்னால் போய் நிற்கும்போதே கால் துவண்டுவிடும். தாமதமாகப் போனால் அறைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அடிக்கடி தாமதமானால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதற்காகத்தான் அந்த எலக்ட்ரிக் சைக்கிளைத் தேடிப் போனேன்.

நம் மொழி பேசுகிற ஒருவர் விற்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய வீடு. ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கதவு திறந்ததும் ஈரத்துணி வாடையும், வலிக்குத் தடவுகிற தைலத்தின் வாடையும் கலந்து முகத்தில் அடித்தது. வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. ஒரு பெண்ணுடையது. ஒரு கிழவருடையது. ஒரு சின்னப் பையனுடையது. எல்லாவற்றின் மேலும் தூசி. உள்ளே அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

சைக்கிள் கறுப்பாக, மெலிசாக இருந்தது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், மர ஸ்டூலைத் தூக்குகிற மாதிரி வந்துவிட்டது. தினமும் மாடிப்படி ஏற்ற எனக்கு அதுதான் வேண்டும். பின் சக்கரத்தின் நடுவில் ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்குப் புடைத்திருந்தது. அதுதான் மோட்டார் என்றார். பேட்டரி நடுக் குழாய்க்குள் இருக்கிறதாம். மிதித்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

நான் சொன்ன விலைக்கே தலையாட்டினார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊர்ல உங்க மேல ரொம்பப் பாசமா இருக்கிறது யாரு தம்பி?"

சைக்கிள் விற்கிறவர் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருக்கிற மனிதர், பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"என் தங்கச்சி. என் மேல உயிரையே வச்சிருக்கா."

"அப்போ நல்லா ஓடும்," என்றார். சிரிக்கவில்லை.

நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் விடியலில் மேட்டடியில் மிதிக்க ஆரம்பித்தேன். மோட்டார் சத்தமே இல்லை. யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கழுத்துப் பட்டை நனையவில்லை. மூச்சு வாங்கவில்லை. கூடத்து வாசலில் இறங்கியபோது, இன்னொரு தடவை இறங்கி ஏறலாமா என்றுகூட ஆசை வந்தது. விடுமுறை நாட்களிலும் விடியற்காலையில் எழுந்து ஆற்றங்கரைப் பாதையில், வேலை எதுவும் இல்லாமல், காற்றுக்காகவே ஓட்டினேன். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்தச் சைக்கிளின் மேல்தான்.

ஓட்டிக்கொண்டே என்னைப் படம் எடுத்துக் குட்டிக்கு அனுப்பினேன். குட்டி என் தங்கை. ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. முடி பறக்கிறதைப் பார்த்தால் கதாநாயகன் மாதிரி இருக்கிறாய், முகத்தைப் பார்த்தால்தான் கதை கெட்டுப்போகிறது என்று பதில் போட்டாள்.

என் அறையில் கூட இருப்பவனுக்குக் குக்கர் என்று பெயர் வைத்திருக்கிறோம். குறட்டையில் விசில் வரும். சார்ஜ் காட்டும் விளக்கு குறையவே இல்லை என்று நான் அவனிடம் பீற்றிக்கொண்டேன். சாப்பாடு போடாமலே வேலை செய்கிற வண்டியா, நம் முதலாளி பார்த்தால் நம்மையும் அந்த மாதிரி மாற்றிவிடுவான், ஒளித்து வை என்றான்.

அப்புறம் குட்டி போனில் குறைவாகப் பேச ஆரம்பித்தாள். காலையில் எழுந்தால் தொடை இறுகிக் கிடக்கிறதாம். நின்றே வேலை செய்கிறாய் இல்லையா, அதுதான் என்றேன். பிறகு அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ராத்திரி கால் கழுவித்தான் படுக்கிறாளாம், விடிந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளமாம். படுக்கை விரிப்பில் தார்க் கறையாம். தூக்கத்தில் நடக்கிறாளோ என்று அம்மா கதவைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கால் மட்டும் கிழிந்திருந்தது.

இங்கே விடியும்போது அங்கே நடுராத்திரி. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் மதியம் டயர் பஞ்சரானது. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெண்மணியிடம் கொண்டுபோனேன். அவரும் நம் மொழிக்காரர்தான். சக்கரத்தைக் கழற்றியவர், பேட்டரி வயரையும் பார்த்துவிடுகிறேன் என்று நடுக் குழாயின் மூடியைத் திறந்தார். விளக்கடித்துப் பார்த்தார். குழாயைக் கவிழ்த்துத் தட்டினார்.

உள்ளே எதுவும் இல்லை.

சக்கரத்து மூடியையும் திறந்தார். மோட்டாரும் இல்லை. வெறும் கூடு.

"யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க தம்பி," என்றவர், மேட்டைப் பார்த்துச் சிரித்தார். "ஆமா, இத்தனை நாள் உங்களை யாரு தள்ளிட்டு வந்தது?"

நான் சிரிக்கவில்லை.

அங்கேயே, கடை வாசலிலேயே, குட்டியைக் கூப்பிட்டேன். கனவு ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். மெல்லச் சொன்னாள். ஒரு மேடு வருமாம். முன்னால் ஒருவர் சைக்கிளில் போவாராம். அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டுமாம். நின்றால் பின்னாலிருந்து அடி விழுமாம். அடிக்கிறவனைத் திரும்பிப் பார்க்க முடியாதாம். மூச்சு மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்குமாம்.

"முன்னாடி போறது யாரு குட்டி?"

"உன் சட்டைதான் அண்ணா. நீலக் கோடு போட்டது."

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"நின்னா உனக்கு லேட்டாயிடுமேன்னுதான்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பழைய வீட்டுக்கு ஓடினேன். பணம் வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"எனக்குத் தள்ளுறதுக்கு இனிமே ஆள் இல்லை தம்பி. அதனாலதானே வித்தேன்."

உடைத்துவிடட்டுமா என்றேன். சின்னச் செருப்பைப் பார்த்தபடி, அப்படித்தான் நானும் உடைத்தேன், சைக்கிள் மறுநாள் முழுசாக நின்றது, பையன்தான் எழுந்திருக்கவில்லை என்றார். ஓட்டாமல் வைத்தால் என்ன ஆகும் என்றேன். பின்னால் வருகிறவன் சும்மா நிற்க வைத்து அடிப்பான் என்றார். அவன் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரே வழிதான் இருக்கிறதாம். வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் வாயிலிருந்து ஒரு ஆளைச் சொல்லிவிட்டால் என் தங்கைக்கு விடுதலை.

"கேட்டுடுங்க தம்பி. நானும் உங்களைப் பார்த்துப் பாவம்னுதான் நினைச்சேன். கேட்டுட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது.

குக்கருக்கு அந்தச் சைக்கிள் மேல் முதலிலிருந்தே ஒரு கண். இலவசமாகத் தருகிறேன் என்றதும் நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நான் கேள்வியைக் கேட்டேன். அவன் மனைவி பெயரைச் சொல்வான், இல்லையென்றால் அவன் அப்பாவைச் சொல்வான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அவன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்ட வந்தான்.

"இன்னும் நேர்லகூடப் பார்க்கலை ஒல்லி. என் குரல் கேட்டாலே கையைக் கையை ஆட்டுறா."

பிறந்து சில மாதமே ஆன அவன் மகள். இன்னும் நிற்கக்கூடத் தெரியாத கால்.

அவன் அவள் பேரைச் சொல்வதற்குள் போனைத் தட்டிவிட்டேன். சைக்கிளைத் தரமாட்டேன் என்று கத்தினேன். அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை.

என்னால் யாரையும் கேட்க முடியவில்லை. அதனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கேள்வியே இல்லாமல் கைமாறினால் யாரையும் பிடிக்காது, குட்டியையும் விட்டுவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்தடியில் பூட்டாமல் நிறுத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சைக்கிள் இல்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அம்மா போன் செய்தார். குட்டி கடையில் நின்றபடியே தூங்கிவிட்டாளாம். புடவையைக் கையில் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, கால் மட்டும் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்ததாம். இடம் விட்டு நகரவில்லையாம். வாடிக்கைக்காரர்கள் எழுந்து ஓடினார்களாம்.

எவன் எடுத்தானோ அவன் நாளெல்லாம் ஓட்டுகிறான்.

கேட்காமல் கொடுத்ததால் அவள் இன்னும் என் பேரில்தான் இருக்கிறாள். எவனோ முகம் தெரியாதவனைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அவன் எங்காவது இறங்கி நிற்கிற கொஞ்ச நேரம்தான் கண் திறப்பாள். அந்த நேரம் பார்த்து அம்மா போனை அவள் காதில் வைப்பார். என்ன தெரிகிறது, சொல்லு குட்டி என்று நான் கேட்பேன். தூங்கவிடாமல் அவளை உட்கார வைத்திருக்க அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். நானோ, சைக்கிளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, தூங்கு குட்டி, இன்னும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்று கெஞ்சுவேன். அவள் மறுக்காமல் போவாள்.

மஞ்சள் சதுரப் பை மாட்டியிருக்கிறான் என்றாள். சாப்பாடு கொண்டுபோகிறவன். பாட்டுப் பாடுகிறான் என்றாள். மேட்டில் ஏறும்போதுதான் பாடுகிறான்.

வேலைக்குப் போகாமல் தெருத் தெருவாகத் திரிந்தேன். சைக்கிள் கிடைத்தால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இறக்கத்தில் மட்டும் ஓட்டுவேன். ஏற்றத்தில் நான் தூக்கிக்கொண்டு நடப்பேன். அவள் சும்மா கூட வந்தால் போதும்.

ஒரு நாள் காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, அந்தக் கறுப்புச் சைக்கிளைப் பார்த்தேன்.

கடைத்தெரு மேட்டில், எனக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாலை கழுவும் வண்டி அப்போதுதான் போயிருந்தது. தெரு ஈரமாக இருந்தது. அவன் பெடலில் கால் வைத்திருந்தானே தவிர மிதிக்கவில்லை. பாடிக்கொண்டிருந்தான்.

மஞ்சள் பையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன.

உள்ளங்கை அளவு. ஐந்து விரலும் தெரிந்தது.

சக்கரத்துக்குப் பின்னால், ஈரத்தில், வெறுங்காலின் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின. சின்னக் கால். ஒரு பக்கம் சிவப்பாக விழுந்தது. அவற்றுக்குப் பின்னால், நிதானமாக, அவசரமே இல்லாமல், பெரிய பூட்ஸின் தடங்கள்.

என்னை மறந்து கூப்பிட்டுவிட்டேன்.

"குட்டி."

சின்னத் தடங்கள் நின்றன. கால்விரல்களின் தடம் என் பக்கம் திரும்பியது.

பெரிய தடங்கள் அவளை நெருங்கின. காற்றில் ஏதோ வீசுகிற சத்தம் கேட்டது. சலவைக் கூடத்தில் நாங்கள் ஈர விரிப்பை உதறும்போது வருமே, அந்த மாதிரி ஒரு அறை. இன்னொரு அறை. சின்னத் தடங்கள் தடுமாறி, கை ஊன்றி, மறுபடி ஓட ஆரம்பித்தன. சைக்கிள் வேகமெடுத்து மேட்டின் உச்சியில் மறைந்தது. பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அன்றைக்கு அம்மா அவள் முதுகைப் படமெடுத்து அனுப்பினார். அதை நான் யாருக்கும் காட்டப்போவதில்லை.

அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவே இல்லை. இன்னொரு முறை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குத் தைரியமும் இல்லை. டாக்டர்கள் வருகிறார்கள், போகிறார்கள். படுக்கையில் கால் மட்டும் ஓயாமல் அசைகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்புதான் இருக்கிறது என்று அம்மா சொன்னார்.

இன்றைக்கு இங்கே பெருமழை. பட்டறைத் தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் அம்மா கூப்பிட்டார். அங்கே மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனால் குட்டியின் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறதாம். துடைக்கத் துடைக்க நனைகிறதாம்.

இதைக் கேட்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொள்கிறேன். கறுப்பு நிறத்தில் ஒரு லேசான சைக்கிள், சார்ஜ் போடாமலே ஓடுகிறது என்று யாராவது சொன்னால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். அது உங்கள் கையிலேயே இருந்தால், தயவுசெய்து மேடு வரும்போது மட்டுமாவது இறங்கி நடங்கள்.