பல்லுக்குக் குறித்த நாள்

"நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்னு பல் டாக்டருக்குப் போன் பண்ணினது யாரு?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றாள் குட்டி. மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகி, சம்பந்தி ஆகப்போகிறவள். ஆனாலும் பிறந்த வீட்டில் அவள் இன்னும் குட்டிதான். அவளுடைய அண்ணன் பாதி சவரம் செய்த முகத்தோடு எட்டிப் பார்த்தான். அண்ணன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நான்தான் பண்ணினேன்."

"நீங்களா? எதுக்கு அண்ணி?"

அண்ணியால் காரணத்தைச் சொல்ல முடியாது... மாமியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

அவளுடைய மாமியார், அதாவது குட்டியின் அம்மா, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அவள் சொன்னால், தூங்கி வழிகிறவன்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். சர்க்கரை வியாதி ஈறைக் கெடுத்து முன்பற்களைக் கொண்டுபோன பிறகு, பேசினால் பாதி காற்றாகத்தான் வந்தது. வாசலில் ஆள் அரவம் கேட்டாலே வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பேத்தி கல்யாணத்தில் அம்மாதான் மைக்கைப் பிடித்து எல்லோரையும் வரவேற்க வேண்டும் என்பது குட்டியின் ஆசை. தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டலாம் என்று அவள்தான் டாக்டரிடம் அழைத்துப் போனாள். "சர்க்கரை இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "எப்பவோ கொஞ்சம் இருந்துச்சு, இப்ப கட்டுக்குள்ள இருக்கு" என்று கூசாமல் சொல்லிவிட்டாள் அம்மா. குட்டியும் நம்பிவிட்டாள். "எதுக்கும் அன்னிக்குக் காலைல ரத்தம் பாத்துட்டுத்தான் கை வைப்பேன்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பரிசோதனையை ஏமாற்றத்தான் மாமியார் பட்டினி கிடந்தாள். மாத்திரையை இரண்டு இரண்டாக விழுங்கினாள். நேற்று மதியம் குளியலறையில் சுருண்டு கிடந்தாள்! உடம்பெல்லாம் வியர்வை, கைநடுக்கம், வாய்க்குழறல்... மருமகள்தான் மடியில் சாய்த்துச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். தெளிந்ததும் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டிகிட்ட சொல்லாதம்மா... போய்ச் சேர்ந்த உங்க மாமா போட்டோ முன்னாடியும் சொல்லியிருக்கேன், கல்யாணத்துல நான் பேசுவேன்னு. என் மேல சத்தியம் பண்ணு!"

சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும். மாமியாரையும் காப்பாற்ற வேண்டும். அதனால் டாக்டருக்குப் போன் செய்து, காரணம் சொல்லாமல், "இப்ப வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"எங்கம்மா நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்தா உங்களுக்கு எங்க எரியுது?" குட்டியின் குரல் உடைந்தது. "இத்தனை நாள் கூடவே இருந்தும் உங்களுக்கு மனசே இல்லையா அண்ணி?"

"சொல்லேன்டி! வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" என்றான் கணவன். "இந்த வீட்ல எல்லாம் இவ இஷ்டத்துக்குத்தான் நடக்கணும்!"

சுருக்கென்றது அவளுக்கு. தையல் ஆலையில் துணி வெட்டும் பிரிவுக்கே தலைமையாக இருந்தவள். மாமியாருக்குக் காலில் ஆறாத புண் வந்தபோது வேலையை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. அதனாலேயே யாருக்கும் அது நினைவில்லை.

உள்ளறை வாசலில் மாமியார் வந்து நின்றாள்.

"அத்தை... நீங்களே சொல்லுங்க."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை, மற்ற இருவர் சொன்னதையும்விட அதிகமாகச் சுட்டது.

"கெளம்பும்மா, நேர்லயே போய்ப் பேசிக்கலாம்" என்று குட்டி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"குட்டி, காலைலேர்ந்து அவங்க ஒண்ணும் சாப்பிடல! இந்தப் பாலையாவது..."

"உங்க கரிசனம் போதும்!" தட்டிவிட்ட வேகத்தில் தம்ளர் உருண்டு, பால் தரையெல்லாம் ஓடியது. இருவரும் போய்விட்டார்கள்.

மருமகள் மண்டியிட்டுப் பாலைத் துடைத்தாள். கண்ணீரும் அதோடு சேர்ந்து விழுந்தது. பாதியில் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். சர்க்கரை டப்பாவை அப்படியே பையில் போட்டாள்.

"எங்கடி போற?"

"அத்தைகிட்ட."

அவள் போய்ச் சேர்ந்தபோது, பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் மாமியார் வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தாள். "அம்மா! அம்மா!" என்று குட்டி உலுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் அவளை விலக்கிவிட்டு, மாமியாரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கேட்டு வாங்கிய தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து, "மெதுவா அத்தை... மெதுவா..." என்று குடிக்க வைத்தாள். டாக்டரம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார்.

"சர்க்கரை இவ்வளவு இறங்கியிருக்கே! எப்படி?"

மாமியார் கண்ணைத் திறந்தாள். வாயைத் துண்டால் மூடவில்லை.

"நான்தான் மாத்திரையைக் கூட்டிப் போட்டேன் டாக்டர். உங்ககிட்ட பொய் சொன்னேன்... குட்டி, நேத்தும் விழுந்துட்டேன். இவதான்டி என்னைத் தூக்கினா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். இவ திட்டு வாங்கறதைப் பாத்துக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னேனே... பாவி நான்!"

குட்டி அப்படியே அண்ணியின் தோளில் விழுந்து விம்மினாள்.

"அடிச்சிருக்கக் கூடாதா அண்ணி என்னை!"

"அழாத. தம்ளரைப் பிடி, அத்தை இன்னும் குடிக்கணும்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சர்க்கரை இருந்தா இந்தப் பல் கட்டவே முடியாதுன்னு இல்லம்மா. ஆனா அது தாறுமாறா இருந்தா புண் ஆறாது, சீழ் பிடிக்கும், எலும்பு திருகைப் பிடிச்சுக்காது. ஒரு நாள் கணக்கு போதாது. மூணு மாச சராசரியை நான் முன்னாடியே கேட்டிருக்கணும். முதல்ல ஈறைச் சரி பண்ணுவோம். உங்க சர்க்கரை டாக்டர்கிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் கழற்றி மாட்டுற பல் இருக்கு."

கணவன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். எல்லாம் கேட்டபின் மனைவி பக்கத்தில் வந்து, "தெரியாமப் பேசிட்டேன்..." என்று இழுத்தான்.

"தெரியாதது தப்பில்லீங்க. நான் அப்படிச் செய்வேன்னு உடனே நம்பினீங்களே, அதுதான்..." அந்த மனத்தாங்கல் ஆற வெகுநாள் பிடித்தது.

பேத்தி கல்யாணத்தில் மாமியார் மைக்கைத் தொடவில்லை. மாட்டிய பல் ஆடியதால் அதிகம் சிரிக்கவும் இல்லை. அதன்பிறகு மாத்திரை, நடை, வேளைக்குச் சாப்பாடு, ஈறுக்குச் சிகிச்சை என்று மாதங்கள் ஓடின. சர்க்கரை நிலைத்து நின்றது. இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டு, மறுபடியும் நாள் குறித்தார்கள்.

அன்று குட்டியும் அவள் அண்ணனும் முன்னால் நின்றார்கள். "கூட யாரும்மா வர்றீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மாமியார் பின்னால் திரும்பி, சுவரோரம் நின்ற மருமகளின் கையை எட்டிப் பிடித்தாள்.

"இவ வரட்டும். என் உடம்பைப் பத்தி என்ன கேக்கறதா இருந்தாலும் இவளைக் கேளுங்க டாக்டர். என்னைக் கேட்டா நான் பொய் சொல்லிடுவேன்."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமியாரை அணைத்தபடி உள்ளே நடந்தாள்.